மரத்துப்போன இடம்

ஹம், 12.10.2003

என் தங்கச்சி யோகமலருக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் ஏதோ சுகம். லெம்கோவில் நீயும் உன் மனுசனும் குளிர் இறங்க முன்னமே தடித்த உடுப்பு வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் நீ சிரிப்பாய். போன முறையும் அதனால்தான் போனை வைத்தேன். கடிதத்தில் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது. ஆகவே இனி எழுதுவோம்.

போன செவ்வாய் ஐங்கரனுக்கு வலிப்பு வந்தது. மகள் தேனுஜா முதியோர் இல்லத்தில் வேலை பழகுகிறாள், அவுஸ்பில்டுங், இருட்டோடு வெளிக்கிட வேண்டும். அதனால் பேரனை நான்தான் எழுப்பி, சுந்தரேஸ்வரி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது. உனக்கு அவவை ஞாபகம் இருக்கும். புருசனை இழந்தவ, அடுத்த தெருவில் தனியே இருக்கிறா, பகலில் எங்கள் சனத்தின் நாலு பிள்ளைகளைப் பார்க்கிறவ. அன்றைக்கு விடிய தொட்டுப் பார்த்தபோது பிள்ளையின் உடம்பு கொஞ்சம் சுட்டது. ஒரு கரண்டி மருந்து கொடுத்துக் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவ போன் எடுக்கிறா. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்ததாம். அவசர வண்டிக்கும் அவவே போன் அடித்திருக்கிறா.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் வருகிற வலிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த யேர்மன் டொக்டர்மாருக்கு எல்லாமே வருவதுதான். தேனுஜாவின் மாமியார் அன்னப்பிள்ளை வேறு ஒரு கதை சொன்னா. "அவவுக்குப் பிள்ளையும் இல்லை, புருசனும் இல்லை. அடுத்தவையின்ர பிள்ளையை மடியில வைச்சா அந்த மனம் சும்மா இருக்குமோ?" என்றா. நீ என்ன நினைக்கிறாய்? அங்கே வெள்ளைக்காரருக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, சூனியக்காரிகளின் கதை சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறாய்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அக்கா,
கமலாம்பிகை


லெம்கோ, 20.10.2003

அன்புள்ள அக்கா,

ஐங்கரன் தேறிவிட்டான் என்று அறிந்து நிம்மதி. எங்கள் இருவருக்கும் தடிமன். மற்றப்படி குறையில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன். உங்களுக்குக் கேட்டிருக்காது.

நான் உல்லாசப் பயணிகளுக்குச் சூனியக்காரிகளைக் காட்டுவதில்லை. அப்படி ஒருத்தியும் இங்கே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் இருந்தார்கள், அவர்களைக் காட்டுகிறேன். நானூறு வருடத்துக்கு முதல் கோடையே வராத வருடங்கள் வந்தன. தானியம் வயலில் அழுகியது, மாட்டுக்குப் பால் வற்றியது, பிள்ளை செத்தது. கடவுளோடு கோபிக்கப் பயம். வரி வாங்குகிறவனோடு கோபிக்க இன்னும் பயம். தனியே இருக்கும் ஒரு மனுசியோடு கோபிப்பது லேசு. இந்தச் சின்ன ஊரில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் அப்படித்தான் அகப்பட்டார்கள்.

உங்கள் சம்பந்தியம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்துக் கெட்டிக்காரரின் முறைகளையும் எழுதிவிடுகிறேன். சூனியக்காரிக்கு அழுகை வராது. அவள் உடம்பில் ஓரிடம் மரத்திருக்கும், ஊசியால் குத்தினால் நோகாது. அவள் தொட்ட பிள்ளை நோயில் விழும். கோயிலுக்கு அடிக்கடி வந்தால் அது ஓர் அடையாளம், வராவிட்டால் இன்னும் பெரிய அடையாளம். பெரிய படிப்பாளிகள் இதையெல்லாம் லத்தீனில் எழுதி, அச்சடித்து, நாடு முழுக்கப் பரப்பினார்கள். சம்பந்தியம்மாவிடமும் ஓர் ஊசி இருக்கும்தானே.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.
யோகமலர்


ஹம், 9.11.2003

தங்கச்சி யோகமலருக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. எனக்கு முழங்கால் நோவு, அத்தானுக்குச் சீனி கூடியிருக்கிறது.

உன் கடிதம் நல்ல விளக்கமாக இருந்தது. இவ்வளவு விசயம் யேர்மன்காரர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஊர்ச்சனம், எங்களுக்கு மூடநம்பிக்கை என்று சொல்வாய். அவர்கள் லத்தீனில் எழுதியிருக்கிறார்களே.

மற்ற மூன்று தாய்மாரும் தங்கள் பிள்ளைகளைச் சுந்தரேஸ்வரியிடம் விடுவதை நிற்பாட்டிவிட்டார்கள். நான் யாருக்கும் நிற்பாட்டச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். நோய்நொடி இல்லாமல் துள்ளி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை அவவின் கையில் கொடுத்தேன், கட்டையாகத் திருப்பித் தந்தா. இதை மறைக்க வேண்டுமா?

லண்டனில் இருந்து கோபாலன் சாத்திரியார் வருகிறார். மை போட்டுப் பார்ப்பாராம். அன்னப்பிள்ளை வீட்டில்தான் தங்குவார்.

அம்மாளாச்சி உங்களைக் காக்கட்டும்.
அக்கா


லெம்கோ, 16.11.2003

அக்கா,

முழங்காலுக்கு டொக்டரிடம் காட்டுங்கள். சாத்திரியாரிடம் காட்டவேண்டாம்.

ஒரு கேள்வி. முதல் கடிதத்தில், விடிய தொட்டபோது உடம்பு சுட்டது, மருந்து கொடுத்துக் கொண்டுபோய் விட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாவது கடிதத்தில் அதே பிள்ளை நோய்நொடி இல்லாமல் துள்ளுகிறான். எது சரி? காய்ச்சல் என்று சுந்தரேஸ்வரி அக்காவிடமாவது சொன்னீர்களா? தேனுஜாவிடம் சொன்னீர்களா?

வேலைக்கு லீவு எடுக்க ஏலாமல் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள். அதில் பெரிய பிழை இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதை ஒருவருக்கும் சொல்லாமல் இருக்க இன்னொருத்தியைச் சூனியக்காரி ஆக்குகிறீர்கள். இங்கே முதலில் விரல் நீட்டியவர்களும் பலர் உங்களைப் போலத்தான். தாங்கள் செய்ததை நினைக்க மனம் வராதவர்கள்.

பதில் எழுதுங்கள்.
யோகமலர்


ஹம், 18.1.2004

யோகமலருக்கு,

புதுவருடமும் பொங்கலும் உனக்கு நல்லபடி போயிருக்கும். இங்கே பனி கொட்டுகிறது. அத்தானின் வான் இரண்டு முறை ஸ்டார்ட் ஆகவில்லை. தேனுஜா சோதனைக்குப் படிக்கிறாள். ஐங்கரனை இப்போது அன்னப்பிள்ளை பார்க்கிறா.

அன்னப்பிள்ளை வீட்டில் திருவெம்பாவைப் பஜனை நன்றாக நடந்தது. முடிந்ததும் உன் முதல் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் தமிழை எல்லோரும் புகழ்ந்தார்கள். "படிச்ச பிள்ளை, ஆதாரத்தோட எழுதியிருக்கிறா" என்று சாத்திரியாரே சொன்னார். அதற்குப் பிறகு சனத்துக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது. வேறும் ஒரு விசயம் நடந்தது. அதை எழுதத் தேவையில்லை.

நீ கேட்டிருந்ததை வாசித்தேன். மூத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவள் நான்.

அக்கா


ஹம், 1.2.2004

திருமதி யோகமலர் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். என் நலத்தைக் கேட்டு எழுதவேண்டாம், நானே சொல்கிறேன். தேனுஜாவின் கல்யாணத்தில் நாம் ஒரு முறை கதைத்திருக்கிறோம். உங்கள் விலாசத்தை அவளிடம் வாங்கினேன். நான் சுந்தரேஸ்வரி.

பிள்ளைக்கு வலித்த பிறகு இரண்டு மாதமாக ஒருவரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. திருவெம்பாவைக்கு அன்னப்பிள்ளை கூப்பிட்டபோது சந்தோசப்பட்டு, மோதகமும் அவித்துக்கொண்டு போனேன். பாட்டு முடிந்ததும் உங்கள் அக்கா உங்கள் கடிதத்தை வாசித்தா. நீங்கள் பகிடியாக எழுதியது என்று கேட்ட உடனேயே எனக்கு விளங்கியது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

பிறகு அன்னப்பிள்ளை என் பக்கத்தில் வந்து இருந்தா. "கையைக் காட்டுங்கோ அக்கா, இது என்ன தழும்பு?" என்று கேட்டா. காட்டினேன். எண்பத்தேழுச் சண்டையில் கோப்பாயில் செல் வெடித்துத் துண்டு பட்ட இடம். அன்று தொடக்கம் அதில் உணர்ச்சி இல்லை. அவ சேலையில் இருந்த ஊசியைக் கழற்றியதை நான் கவனிக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று குனிந்து பார்த்தபோது ஊசி என் கையில் குத்தி நின்றது.

"நோகேல்லையோ?" என்றா.

"இல்லை" என்றேன். உண்மை அதுதான். அழவும் இல்லை. உங்கள் அக்கா எழும்பி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா. மோதகத்தை ஒருவரும் தொடவில்லை, சட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தேன்.

இப்போது என்னிடம் ஒரு பிள்ளையும் இல்லை. வாசலில் யாரோ குங்குமம் தடவிய தேசிக்காய்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். கீழ்வீட்டு யேர்மன் மனுசி அன்பளிப்பு என்று நினைத்து எடுத்துக் கழுவி, தேத்தண்ணிக்குள் பிழிந்து குடிக்கிறா. அவவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உதவி கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் கடிதத்தின் தொடக்கத்தில், வாசித்துவிட்டுச் சிரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
சுந்தரேஸ்வரி


லெம்கோ, 12.2.2004

அக்கா,

சுகம் விசாரிக்கிற பழக்கத்தை இந்த முறை விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஹம்முக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. சுந்தரேஸ்வரி அக்காவின் கையைப் பார்த்தேன். ஊசி குத்திய இடம் சீழ் பிடித்து ஆறியிருக்கிறது. உணர்ச்சி இல்லாதபடியால் பழுத்ததே அவவுக்குப் பிந்தித்தான் தெரிந்திருக்கிறது. எழுதத் தேவையில்லை என்று நீங்கள் விட்ட விசயம் இதுதான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "நல்லாய் எழுதுறீங்கள்" என்றா. "ஒரு தரம் வந்து பாத்திருக்கலாம். ஹம்முக்கு ரயில் ஓடுதுதானே." மூன்று மாதமாக உங்களை எப்படி நக்கலடிப்பது என்று யோசித்த நேரத்தில் ஒரு ரிக்கற் எடுத்திருக்கலாம். அந்தப் படிப்பாளிகளின் புத்தகங்களைப் பற்றி விருந்தாளிகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். என் கடிதமும் அதே வேலையைச் செய்திருக்கிறது.

அது என் பங்கு. அந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்தது உங்கள் பங்கு. பகிடி என்று விளங்காமல் வாசித்தீர்கள் என்றால் உங்களைப் பார்த்துப் பாவப்படுவேன். விளங்கித்தான் வாசித்தீர்கள் என்று நினைக்கிறேன். ஊசி குத்துகிற நேரம் குசினிக்குள் போனீர்களே. தெரியாதவர்கள் குசினிக்குள் போவதில்லை.

நானும் அவவும் ஒரு வேலையாகப் பிறகு இன்னோர் இடத்துக்குப் போனோம். அது உங்களுக்குத் தெரியவரும்.

யோகமலர்


ஹம், 14.3.2004

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? கோபத்தை வைத்துக்கொள்ளாமல் இதை வாசி.

ஐங்கரனுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்து வலித்தது. இந்த முறை அன்னப்பிள்ளை வீட்டிலேயே. சுந்தரேஸ்வரி பக்கத்திலும் இல்லை. சாத்திரியார் மை போட்டுப் பார்த்துவிட்டு, "இரண்டு பேர். ஒருத்தி தொட்டவள். மற்றவள் கொண்டுபோய் விட்டவள்" என்றாராம். கொண்டுபோய் விட்டது நான்தானே. அன்னப்பிள்ளை உடனே பிடித்துக்கொண்டா. "அடையாளமெல்லாம் அவவுக்கு எப்பிடித் தெரியும்? தனக்குத் தெரிஞ்சதைத்தானே சபையில வாசிச்சவ" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறா. உன் கடிதத்தை வாசித்ததற்கு எனக்குக் கிடைத்தது இது.

போன வெள்ளி பஜனைக்குப் போனேன். நான் இருந்த பாயில் ஒருவரும் இருக்கவில்லை. பேரனைத் தூக்கப் போனேன், அன்னப்பிள்ளை பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டா. தேனுஜா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் பெற்ற பிள்ளை.

இது என்ன நியாயம்? மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வருவது சாதாரணம் என்று டொக்டரே சொல்லியிருக்கிறார். கடதாசியிலும் எழுதித் தந்தார். படித்த சனம் ஒரு மையைப் பார்த்து எப்படி நம்புகிறது? நீ விசயம் தெரிந்தவள். இதெல்லாம் பொய் என்று விளக்கமாக ஒரு கடிதம் எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

கண்ணீரோடு,
அக்கா


லெம்கோ, 21.3.2004

அக்கா,

ஐங்கரனுக்குச் சுகமா என்று தேனுஜாவிடம் கேட்டேன். சுகம். டொக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறாராம்.

இன்னொரு கடிதம் எழுதமாட்டேன். ஒன்று போதும். டொக்டரின் சொல்லில் உங்களுக்கு இப்போது வந்திருக்கும் நம்பிக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்தச் சூனியக்காரி வேட்டை எப்படி நின்றது என்று என் விருந்தாளிகள் கேட்பார்கள். சனம் ஒரு நாள் விடிய எழும்பித் திருந்திவிட்டது என்று நான் சொல்லவேண்டும் என்பது அவர்களின் ஆசை. பிடிபட்டவளை வதைத்து, "வேறு யார்?" என்று கேட்பார்கள். அவள் ஒரு பெயர் சொல்வாள். அந்தப் பெயருக்குரியவளும் இன்னொரு பெயர் சொல்வாள். முதலில் ஏழைக் கிழவிகள், விதவைகள். பிறகு கடைக்காரர், போதகர், நகரசபையாரின் மனைவிமார். விரல் தங்கள் வாசலுக்குத் திரும்பியபோதுதான் பெரிய மனிதர் பலருக்குச் சாட்சி வேண்டும், ஆதாரம் வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. அதுவரைக்கும் எரிந்த பெண்களுக்கு அந்த ஞானத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. உங்களுக்கு இப்போது பிறந்திருப்பதும் அதே ஞானம்தான் அக்கா. ஒக்டோபரில் எங்கே போயிருந்தது?

ஊரோடு தொடர்பில்லாத, தூரத்து நீதிமன்றங்களும் ஒரு காரணம். அங்கே இருந்தவர்களுக்கு அந்த மாட்டையும் தெரியாது, மனுசியையும் தெரியாது. கடதாசியைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். லெம்கோவில் கடைசியாகப் பிடிபட்டவள் வதைத்தும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அவள் பேரரசின் பெரிய நீதிமன்றத்தில் இந்த ஊருக்கு எதிராக வழக்குப் போட்டாள். அவள் வெல்லவில்லை. ஆனாலும் அவளுக்குப் பிறகு இங்கே ஒருத்தியையும் பிடிக்கவில்லை.

சுந்தரேஸ்வரி அக்காவும் நானும் பெப்ரவரியில் போனது ஒரு சட்டத்தரணியிடம். அவ முன்னமே டெர்மின் எடுத்து, நாளும் நேரமும் குறித்து வைத்திருந்தா. நான் என் கடிதத்தைப் பற்றிச் சாட்சி எழுதிக் கொடுத்தேன். அன்னப்பிள்ளை அக்காவுக்கும் உங்களுக்கும் பதிவுத் தபால் வரும்.

யோகமலர்


ஹம், 16.5.2004

தங்கச்சி யோகமலருக்கு,

எல்லோரும் நல்ல சுகம். வெயில் வந்துவிட்டது, முழங்காலும் பரவாயில்லை.

சட்டத்தரணியின் தபால் வந்த அன்று அத்தான் சாப்பிடவில்லை. இனி அவவைப் பற்றி அப்படி ஒரு சொல்லும் சொல்லமாட்டோம், சொன்னால் தண்டம் கட்டுவோம் என்று கையெழுத்து வைக்கவேண்டும் என்றிருந்தது. வைத்தேன். அன்னப்பிள்ளை ஊசிக்கும் சேர்த்து வைத்தா. அதோடு ஊர் வாய் மூடிவிட்டது. இப்போது எல்லோரும், "நாங்கள் எப்பவாவது அப்பிடிக் கதைச்சனாங்களோ?" என்று கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். சுந்தரேஸ்வரியைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சாத்திரி. அவன் கால் வைத்த நாளில் இருந்துதான் எல்லோர் வீட்டிலும் கரைச்சல். தபால் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட உடனே லண்டனுக்கு ஓடிவிட்டான். அவன்தான் செய்வினைக்காரன் என்று அன்னப்பிள்ளையும் நானும் இப்போது ஒரே முடிவில் இருக்கிறோம். பஜனைக்கும் ஒன்றாகத்தான் போகிறோம்.

ஒரு உதவி. தேனுஜாவுக்குக் கடைசிச் சோதனை வருகிறது. அன்னப்பிள்ளைக்கு இடுப்பு நோ, பிள்ளையின் பின்னால் ஓட ஏலாது. சுந்தரேஸ்வரியிடம் பழையபடி ஐங்கரனை விட முடியுமா என்று நீ கேட்டுப் பார். நீங்கள் இப்போது நல்ல மாதிரித்தானே. பிள்ளைக்கும் அவவில் விருப்பம், பேர் சொல்லிக் கேட்கிறான்.

ஜூன் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். பழசை எல்லாம் மறந்து கட்டாயம் வா.

எல்லோரும் தேடியதாகச் சொல்லி முடிக்கும்,
அக்கா


லெம்கோ, 26.5.2004

அக்கா,

நானும் என் மனுசனும் சுகம். உங்கள் முழங்கால் ஆறியதில் சந்தோசம்.

உங்கள் கேள்வியைச் சுந்தரேஸ்வரி அக்காவிடம் கொண்டுபோனேன். உங்களுக்காகப் போகவில்லை, தேனுஜாவின் சோதனைக்காகப் போனேன். அவவுக்கு முன்னமே தெரிந்திருந்தது. தேனுஜா பிள்ளையோடு அதற்கு முதல் நாள் அங்கே போயிருக்கிறாள். உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். வாசலில் நின்று அழுதாளாம்.

"பிள்ளையைத் தூக்கினனான்" என்றா. "நல்ல பாரமாயிட்டான். என்ர மூக்குத்தியைப் பிடிச்சு இழுத்தான். கொஞ்ச நேரம் வைச்சிருந்திட்டுத் திருப்பிக் குடுத்திட்டன்."

"ஏன் அக்கா?" என்று கேட்டேன். "ஒரு மாதம்தானே. எல்லாரும் கையெழுத்தும் வைச்சிட்டினம்."

"ஓம், வைச்சிட்டினம்" என்றா. "அடுத்த முறை அவனுக்குக் காய்ச்சல் வந்தா நான் ஆர், யோகமலர்?"

இதற்கு என்ன பதில் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். சாத்திரியாரைப் பற்றி நீங்களும் அன்னப்பிள்ளை அக்காவும் எடுத்திருக்கும் முடிவை வாசித்த பிறகு, அவவிடம் மேலே வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

தேனுஜாவின் சோதனை முடியும்வரை ஐங்கரனை என்னிடம் விடச் சொல்லியிருக்கிறேன். அவள் ஓம் என்றுவிட்டாள். காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் கொண்டுபோவேன், எல்லோருக்கும் சொல்வேன்.

ஆறாம் திகதி பிறந்தநாளுக்கு வரமாட்டேன். அன்றைக்குச் சுந்தரேஸ்வரி அக்கா வீடு மாறுகிறா. பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு பாலர் பாடசாலைக் குசினியில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் சனம் குறைந்த தெருவாகப் பார்த்து வீடு எடுத்திருக்கிறா. கட்டில், அலுமாரி, நாலு பிள்ளைகள் படுத்த சின்ன மெத்தைகள், எல்லாம் மூன்றாம் மாடியில் இருந்து இறக்கவேண்டும். அத்தானிடம் வான் இருக்கிறது. அதை விடிய அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் வரவேண்டாம்.

யோகமலர்